ஏழாம் எண் நகரத்தில் குடியேற நாற்பத்து மூன்று விண்ணப்பங்கள்

பழைய லைன்,
சணல் மில் குடியிருப்பு,
ஹூக்ளி மாவட்டம்.
விஜயதசமி கழிந்த ஐந்தாம் நாள்.

'ஒன்பதாம் கோள்' காலாண்டிதழின் ஆசிரியர் பெருமதிப்பிற்குரிய பிரதுல் சிக்தார் ஐயா அவர்களுக்கு,

கபரி சாந்த்ராவின் விஜயா வணக்கங்கள். துர்க்கை அம்மாள் ஆற்றோடு போன திசையைப் பார்த்துக் கும்பிட்ட கையோடு உங்களையும் கும்பிட்டு இதை எழுதுகிறேன். உங்கள் முழங்கால் வலி தேவலையா? சென்ற இதழின் தலையங்கத்தில் நீங்கள் செவ்வாய்க் கிரகத்தைப் பற்றி ஆரம்பித்து முழங்காலில் முடித்திருந்ததைப் படித்ததிலிருந்து அந்தக் கவலை இருக்கிறது. இத்துடன் ஒரு டப்பாவில் தேங்காய் உருண்டை அனுப்பியிருக்கிறேன். அம்மா செய்தது. வழியில் எறும்பு முந்திக்கொண்டிருந்தால் மன்னிக்க வேண்டும். வீட்டில் அனைவரும் நலம். மில் மட்டும் நலமில்லை, நான்கு மாதமாகக் கதவடைப்பு. மற்றபடி குறையொன்றும் இல்லை.

ஐயா, நான் இந்தக் கடிதம் எழுதுவது என் கதையைத் திரும்பப் பெற்றுக்கொள்வதற்காக. 'ஏழாம் எண் நகரம்' என்ற அந்தக் கதையைத் தயவுசெய்து போடவேண்டாம். காரணத்தை ஒரு வரியில் சொல்லிவிடலாம் என்று மூன்று முறை முயன்றேன், முடியவில்லை. நீங்கள் எனக்கு எழுதிய கடிதத்தில், இருள் உலகக் கதை என்றால் வாசிக்கிறவர் நடுங்கவேண்டும், எழுதுகிறவர்கள் ஒருவர் கதையை ஒருவர் படித்து நடுங்கிக்கொண்டிருப்பது போதாது, எனவே இலக்கியத்தின் பக்கமே தலைவைக்காத பத்துப் பேருக்கு இதை வாசித்துக்காட்டு, அதில் ஒருவராவது மெய்யாகவே பயந்துவிட்டால் புத்தகக் கண்காட்சிச் சிறப்பிதழில் முதல் கதையாகப் போடுகிறேன், ஒருவரும் பயப்படவில்லை என்றால் அதையும் மறைக்காமல் எழுது என்று சொல்லியிருந்தீர்கள். மறைக்காமல் எழுதுகிறேன். என் முதல் கதை அச்சில் வரும் என்று ஒன்றரை மாதம் தரையில் கால் பாவாமல் நடந்தவள் நான். அதனால் இதை எழுத எவ்வளவு கஷ்டமாக இருக்கிறது என்பதையும் மறைக்கவில்லை.

முதல் சங்கடம் உங்கள் கடிதம் வந்த விதத்தில் நேர்ந்தது. எங்கள் லைனில் போனமுறை வெள்ளையடித்தபோது வீட்டு எண்களையும் சேர்த்து அடித்துவிட்டார்கள். அதிலிருந்து தபால்காரர் எல்லாக் கடிதங்களையும் மிலன் சங்கத்தில் கொடுத்துவிட்டுப் போகிறார். சங்கத்தின் செயலாளர் போல்ட்டு காக்கு, லைனுக்கே சித்தப்பா முறை. தறிப் பிரிவில் முப்பது வருடம் வேலை பார்த்தவர், அந்தச் சத்தத்தோடு போட்டிபோட்டே பேசிப் பழகியவர். கொல்கத்தா முத்திரையோடு வரும் எந்த உறையையும் அவர் பிரித்துவிடுவார், ஏனென்றால் சங்கத்துக்குத் தகரக் கூரை கேட்டு அவர் அனுப்பிய மனுவுக்கு ஒன்பது வருடமாகப் பதிலை எதிர்பார்க்கிறார். கேரம் விளையாடிக்கொண்டிருந்த எட்டுப் பேர் நடுவில் உங்கள் கடிதத்தை அவர் உரக்கப் படித்தார். படித்துவிட்டு எங்கள் வீட்டைப் பார்த்துக் கூவினார்.

“நிமாய்தா! ஓடியாங்க! உங்க பொண்ணு கொல்கத்தாவுல யாரையோ பயமுறுத்தியிருக்கா!”

நிமாய் சாந்த்ரா என் அப்பா. அவர் வருவதற்குள் கரண்டியோடு அம்மா வந்துவிட்டாள்.

“யாருடி அந்தப் பிரதுல்?”

“ஆசிரியர், மா. பத்திரிகை ஆசிரியர். அறுபத்தெட்டு வயசு.”

“கல்யாணம் ஆயிடுச்சா?”

“பேரன் இருக்கான், மா.”

“அப்புறம் எதுக்குடி உனக்கு லெட்டர் போடுறாரு?”

நான் கதை எழுதுகிறேன் என்பது அன்றைக்குத்தான் எங்கள் வீட்டுக்குத் தெரிந்தது. எங்கள் வீட்டில் கல்லூரிக்குப் போன முதல் ஆள் நான். அதனால் நான் குனிந்து எதை எழுதினாலும் பரீட்சைக்கு என்றே எல்லாரும் நினைத்து, நான் எழுதும்போது வானொலியைக்கூடக் குறைத்து வைத்து வந்தார்கள். இரண்டு வருடமாக எந்தப் பரீட்சைக்கு என்று யாரும் கேட்கவில்லை. அந்த மரியாதை ஒரு நொடியில் போயிற்று. ஞாயிற்றுக்கிழமை காலை சங்கத்தில் நானே நின்று கதையை வாசிக்கவேண்டும் என்று போல்ட்டு காக்கு தீர்ப்புச் சொன்னார். நான்கு பேர் சேர்ந்து என்னைப் பார்த்தாலே எனக்கு நாக்கு மேலண்ணத்தில் ஒட்டிக்கொள்ளும். பத்துப் பேர் போதும் காக்கு என்று கெஞ்சினேன். அறுபது பேர் வந்தார்கள். மில் மூடியிருக்கிறதே, வேறு எங்கே போவார்கள்?

ஐயா, அந்தக் கதையை எவ்வளவு இருட்டாக எழுதியிருந்தேன் என்று உங்களுக்குத் தெரியும். ஆண்டு இரண்டாயிரத்து நூற்றுத் தொண்ணூறு. நகரத்துக்குப் பெயர்கூடக் கிடையாது, எண் மட்டும். எல்லாரையும் ஆள்வது ஓர் இயந்திரம். காலை ஐந்து மணிக்குச் சங்கு ஊதும், ஒருவர் பாக்கியில்லாமல் எழுந்தாக வேண்டும். இந்த இடத்தில் நான் குரலைத் தாழ்த்தி நிறுத்தினேன். முன்வரிசையில் இருந்த ஃபணி ஜேட்டு, மில்லின் மிக மூத்த தொழிலாளி, எங்களுக்குப் பெரியப்பா முறை, கையைத் தூக்கினார்.

“தினமும் ஊதுதா, மா?”

“தினமும், ஜேட்டு.”

“ஞாயித்துக்கிழமை?”

“ஞாயிற்றுக்கிழமையும்தான்.”

“அடேயப்பா,” என்று பக்கத்தில் இருந்தவரைப் பார்த்துத் தலையாட்டினார். அது பயந்தவர் ஆட்டும் தலையாட்டல் இல்லை.

அடுத்தது சமையல் தடை. அந்த நகரத்தில் யாரும் வீட்டில் அடுப்பு மூட்டக்கூடாது. பொதுக்கூடத்தில் இயந்திரம் அளந்து போடுவதைத்தான் தின்னவேண்டும். சோறு, பருப்பு, எண்பது கிராம் மீன். மனிதனின் ருசியையே பறித்துவிட்டார்கள் என்று காட்டுவதற்காக எழுதியது. எங்கள் லைனில் மீன் விற்கும், எனக்குச் சித்தி முறையான தரு மாசி எழுந்து நின்றாள்.

“எண்பது கிராம்னா வால் பக்கமா, வயித்துப் பக்கமா?”

“அதை நான் யோசிக்கலை, மாசி.”

“அதைத்தானேடி முதல்ல யோசிக்கணும்! காலேஜுல என்னதான் சொல்லிக் கொடுத்தாங்க? சரி, தினமுமா மீனு?”

“தினமும். யாரும் தப்பிக்கவே முடியாது.”

“யாரு தப்பிக்கப் போறா?”

பெண்கள் பக்கத்திலிருந்து என் அம்மாவின் குரல் வந்தது. “பொம்பளைங்க சமைக்கவே கூடாதா? சட்டமா அது?”

“சட்டம், மா. மீறினா தண்டனை.”

“அந்தச் சட்டம் போட்டவன் எந்தத் தாய் பெத்த புள்ளையோ, நல்லா இருக்கட்டும்.”

விளக்குக் கம்பங்களில் கண்கள் இருந்து எல்லாரையும் இரவு பகலாகப் பார்த்துக்கொண்டிருக்கும் என்று வாசித்தேன். கம்பத்தில் விளக்கும் எரியுமா என்று கேட்டார்கள். எரியும் என்றேன். கைதட்டினார்கள். ஒருவருக்கு லேசாக உடம்பு சுட்டாலும் இயந்திரம் அறிந்துகொண்டு வண்டி அனுப்பித் தூக்கிக்கொண்டு போய்விடும் என்று வாசித்தேன். வண்டி வாசலுக்கே வருமா, ஆஸ்பத்திரியில் சீட்டு வாங்க வரிசை உண்டா என்று கேட்டார்கள். எனக்கு வியர்த்துவிட்டது. கடைசி நம்பிக்கையாக அந்தத் தொழிற்சாலைப் பத்தியை எடுத்தேன். நீங்களே கடிதத்தில் 'அபாரம்' என்று எழுதியிருந்தீர்களே, அது. நூறு ஆண்டுகளாக அந்தத் தொழிற்சாலை ஒரு நாள்கூட நின்றதில்லை, பிறந்தவர் எல்லாரும் அதற்குள் போனார்கள், இயந்திரங்களின் ஓசையே அவர்களுக்கு மூச்சு. வாசித்து முடித்ததும் சங்கமே அமைதியாகிவிட்டது. வென்றுவிட்டோம் என்று நினைத்தேன். நிமிர்ந்து பார்த்தால் ஃபணி ஜேட்டு கண்ணைத் துடைத்துக்கொண்டிருக்கிறார்.

“ஒரு நாள்கூட நிக்கலையா, மா?”

“ஒரு நாள்கூட.”

“கதவடைப்பு?”

“அந்தச் சொல்லே அவர்களுக்குத் தெரியாது, ஜேட்டு.”

“அந்த எடத்தை இன்னொரு தடவை வாசி.”

நான்கு தடவை வாசித்தேன், ஐயா. நான்காம் தடவை சிலர் கூடவே சொல்லத் தொடங்கிவிட்டார்கள்.

இனி நான் வெட்கப்படும் பகுதி. என் நாயகன் அனிர்பன் சுவரேறிக் குதித்துத் தப்பிக்கிறான் அல்லவா, அப்புறம் வெளியே அவன் காணும் பொன்னுலகம் வருகிறதே, அதை நான் அழுதுகொண்டே எழுதினேன். ஆளுக்கு ஒரு வட்ட வடிவ வெள்ளை வீடு. வீட்டுக்கும் வீட்டுக்கும் ஒரு மைல். கதவுக்கு உள்பக்கம் தாழ்ப்பாள். சாப்பிட்டாயா, எங்கே போகிறாய், யார் கூட வந்தாய் என்று கேட்க ஒருவரும் இல்லை. அமைதி, புத்தகம், ஜன்னல். எங்கள் வீடு ஒன்றரை அறை, ஆறு பேர், நான் எழுதுவது அரிசி டின்னுக்கும் சுவருக்கும் நடுவில் என்பதைச் சொன்னால் என் பொன்னுலகம் எங்கிருந்து வந்தது என்று உங்களுக்குப் புரியும். அந்தப் பகுதியை வாசித்தபோதுதான் கூட்டம் முதன்முறையாக நடுங்கியது.

“ஒரு மைலா?” என்றாள் தரு மாசி, நெஞ்சில் கைவைத்து. “அந்தப் புள்ளைக்கு நெஞ்சு வலிச்சா யாரைக் கூப்பிடும்?”

“உப்பு தீர்ந்துபோனா?” என்றாள் அம்மா.

“செத்தா தூக்க நாலு பேரு வேணுமே, ஆளுக்கு ஒரு மைலுன்னா வந்து சேர்றதுக்குள்ள...” என்று ஆரம்பித்த போல்ட்டு காக்கு மேலே சொல்லாமல் தண்ணீர் கேட்டார்.

ஆகவே, பயந்தார்கள். ஆனால் தப்பான உலகத்தைப் பார்த்துப் பயந்தார்கள். இதைக் கணக்கில் சேர்க்கலாமா என்று உங்களைக் கேட்டு எழுத அன்றைக்கே உட்கார்ந்தேன். அதற்குள் அடுத்தது வந்துவிட்டது.

எங்கள் சங்கத்தில் ஒவ்வொரு பூஜைக்கும் நவமியன்று மாலையில் மகிஷாசுர வதம் நாடகம் போடுவார்கள். இந்த வருடம் மகிஷாசுரன் எர்ணாகுளத்தில் செங்கல் சுமக்கிறான், கதவடைப்புக்கு அடுத்த வாரமே ரயிலேறிவிட்டான். அசுரன் இல்லாமல் எந்த வதம்? அதனால் 'ஏழாம் எண் நகரம்' நாடகமாகப் போடப்படும் என்று போல்ட்டு காக்கு அறிவித்தார். முதலில் மறுத்தேன். பிறகு எனக்குள் ஒரு பேராசை வந்தது, உண்மையைச் சொல்லிவிடுகிறேன். ஒத்திகையில் இருட்டை இன்னும் கொஞ்சம் கூட்டினால், மேடையில், விளக்கு அணைத்துப் போட்டால், ஒரே ஒரு ஆளாவது பயப்பட மாட்டாரா என்று நினைத்தேன். எனவே புதிய கொடுமைகளாக யோசித்து எழுதினேன். இயந்திரத்தை எதிர்த்துப் பேசுகிறவனை முப்பது நாள் தனியறையில் அடைப்பார்கள் என்று சேர்த்தேன். “தனி ரூமா? ஃபேன் உண்டா?” என்று கேட்டான் அனிர்பனாக நடித்த பிஷு, சாக்கு தைக்கும் பிரிவில் இருக்கிறவன், கூடப் பிறந்தவர்கள் ஐந்து பேர். காதலைக்கூட இயந்திரம் விட்டுவைக்காது, யார் யாரைக் கட்டிக்கொள்வது என்று அதுவே முடிவுசெய்யும் என்று சேர்த்தேன். அம்மா அன்றைக்கு இரவுச் சாப்பாட்டின்போது தணிந்த குரலில், “அந்த மெஷினு ஜாதகம் கேக்குமா, வரதட்சணை கேக்குமா?” என்றாள். இரண்டும் கேட்காது என்றேன். அம்மா என்னை ஒரு பார்வை பார்த்தாள். அந்தப் பார்வையில் நான் எந்த நகரத்தில் பிறந்திருக்கவேண்டும் என்பது எழுதியிருந்தது.

அப்பா மட்டும் ஒத்திகைப் பக்கம் வரவில்லை. நூற்புப் பிரிவில் இருபத்தாறு வருடம் வேலை பார்த்தவர். மில் மூடியதிலிருந்து அவர் பேச்சைக் குறைத்துவிட்டார். காலையில் மில் கேட்டுக்குப் போய் மற்றவர்களோடு உட்கார்ந்துவிட்டு மதியம் திரும்புவார். என் கதையைப் பற்றி நல்லதாகவோ கெட்டதாகவோ ஒரு வார்த்தை சொல்லவில்லை.

நவமி மாலை ஆறரைக்கு நாடகம் ஆரம்பித்தது. எல்லாவற்றையும் பார்த்துக்கொண்டிருக்கும் இயந்திரத்துக்கு ஒரு பெரிய கண் வேண்டும் என்று எழுதியிருந்தேன். பூஜை சமயத்தில் உருவங்கள் அசையும் சந்தன்நகர் விளக்குப் பலகைகளை வாடகைக்கு எடுக்க எப்படி அடிதடி நடக்கும் என்று உங்களுக்குத் தெரியாததில்லை. நாங்கள் போய்ச் சேர்ந்தபோது மிஞ்சியிருந்தது ஒன்றே ஒன்று, பூனை பால் குடிக்கும் பலகை. ஆக, இரண்டாயிரத்து நூற்றுத் தொண்ணூறாம் ஆண்டில் மனிதகுலத்தை அடிமைகொண்ட இயந்திரம் மேடையின் நடுவில் பச்சையும் சிவப்புமாக மினுங்கி, நாக்கை நீட்டி, கிண்ணத்தில் பால் குடித்தது. ஒவ்வொரு முறை நாக்கு வரும்போதும் குழந்தைகள் கூவினார்கள். அதன் குரல் போல்ட்டு காக்கு, திரைக்குப் பின்னால் ஒலிபெருக்கியோடு. “கீழ்ப்படி!” என்று அவர் கர்ஜிக்கவேண்டிய இடத்தில் பெஞ்சில் இடமில்லாமல் யாரோ முதியவர் நின்றுகொண்டிருப்பதைத் திரை இடுக்கில் பார்த்துவிட்டு, “கீழ்ப்படி! அந்தப் பெரியவருக்கு எடம் விடுடா! கீழ்ப்படி!” என்றார்.

இரண்டாம் காட்சியில்தான் சங்கு. போல்ட்டு காக்கு மில்லின் பழைய காவலாளியிடம் கேட்டு, கையால் சுற்றினால் ஊதும் சங்கு ஒன்றை வாங்கி வந்திருந்தார். ஒத்திகையில் அதை எடுக்கவே இல்லை. ஒரு சுற்றுச் சுற்றினார். ஐயா, நான்கு மாதமாக எங்கள் லைன் கேட்காத சத்தம் அது. மேடைக்கு முன்னால் உட்கார்ந்திருந்த அத்தனை பேரும் எழுந்து நின்றுவிட்டார்கள், யாரும் சொல்லாமல். நாடகத்துக்கு வராமல் பின் லைன்களில் இருந்தவர்களோ எழுந்து நிற்பதோடு விடவில்லை. சட்டையை மாட்டிக்கொண்டு மில் கேட்டுக்கு ஓடினார்கள். முப்பது முப்பத்தைந்து பேர் இருக்கும். மில் திறந்துவிட்டது, பூஜைக்கு முதலாளி மனம் இரங்கிவிட்டார் என்று ஒருவருக்கொருவர் சொல்லிக்கொண்டே ஓடியிருக்கிறார்கள். மூடிய கேட்டுக்குள்ளிருந்து காவலாளி, “இங்க ஒண்ணுமில்லப்பா, போல்ட்டுதான் ஊதுறான்!” என்று கத்தியிருக்கிறார். முன்னால் ஓடியவர்களில் ஒருவர் கையில் டிபன் டப்பாவோடு இருந்தார். காலி டப்பா, அவசரத்தில் எடுத்தது. அது என் அப்பா.

அந்தப் படை அப்படியே திரும்பி நாடகப் பந்தலுக்கு வந்தது, போல்ட்டு காக்குவை உதைப்பதற்காக. ஆனால் அவர்கள் வந்து சேர்ந்த நேரம் மூன்றாம் காட்சி. தொழிற்சாலை ஒரு நாளும் நிற்காது என்று இயந்திரம் அறிவித்துக்கொண்டிருந்தது. உதைக்க வந்தவர்கள் உட்கார்ந்துவிட்டார்கள். அப்பா மட்டும் வீட்டுக்குப் போய்விட்டார் என்று அப்புறம் தெரிந்தது.

கடைசிக் காட்சியில் அனிர்பன் சுவரேற வேண்டும். பிஷு ஒரு காலைத் தூக்கி வைத்துவிட்டு, “நான் விடுதலையை நோக்கிப் போகிறேன்!” என்றான். தரு மாசி மேடையேறி அவன் வேட்டியைப் பிடித்துக்கொண்டாள்.

“எங்கடா போற? சாப்பாட்டு மணி அடிக்கப் போகுது!”

“மாசி, இது நாடகம், விடு.”

“நாடகமா இருந்தா என்ன, வெறும் வயித்தோடவா போவ? ஒரு மைலுக்கு ஒரு மனுசன் இல்லாத எடம்டா அது! உங்க அம்மா முகத்தைக் கொஞ்சம் பாரு!”

பிஷுவின் அம்மா மூன்றாம் வரிசையில் மெய்யாகவே அழுதுகொண்டிருந்தாள். பிஷு சுவரையும் பார்த்தான், அம்மாவையும் பார்த்தான், பந்தலில் திரண்டிருந்த முந்நூறு பேரையும் பார்த்தான். போகாதே, போகாதே என்று எல்லாரும் கத்துகிறார்கள். என் வசனத்தைக் கைவிட்டு அவன் இயந்திரத்தை நோக்கித் திரும்பி, “மன்னிச்சிடு, இனிமே சுவர் ஏற மாட்டேன்,” என்றான். இயந்திரம், அதாவது போல்ட்டு காக்கு, கர்ஜிப்பதை விட்டுவிட்டது. “போய் சாப்பிடு, பாபா,” என்றது இயந்திரம். பூனை பால் குடித்தது. பந்தல் அதிர்ந்தது. என்னை மேடைக்கு இழுத்து மாலை போட்டார்கள். முந்நூறு பேர் என்னைப் பார்த்துக்கொண்டிருக்க, எனக்கு மயக்கம் வராதது அம்மாளின் கருணை.

மறுநாள் காலை எங்கள் வாசலில் வரிசை. எல்லார் கையிலும் காகிதம். 'ஏழாம் எண் நகர நிர்வாகி அவர்களுக்கு, மேற்பார்வை ஒன்பதாம் கோள் அலுவலகம், கொல்கத்தா' என்று ஆரம்பித்து, பெயர், வயது, பிரிவு, குடும்பத்தில் எத்தனை பேர், மீனில் எந்தப் பகுதி பிடிக்கும் என்பது வரை எழுதி, கையெழுத்தோ கைநாட்டோ வைத்து, நாற்பத்து மூன்று விண்ணப்பங்கள். இது வெறும் கதை ஜேட்டு என்று நான் ஃபணி ஜேட்டுவிடம் அழாத குறையாகச் சொன்னேன். அவர் விழுந்து விழுந்து சிரித்தார்.

“கதைன்னு தெரியும்டி, மா. ஆவணியில மில் தொறக்கும்னு சொன்னாங்களே, அதுவும் கதைதான். அதுக்கு ஃபாரம் நிரப்பிக் குடுத்தோம்ல? இதுக்கும் குடுக்கிறோம். உன் கதையிலயாவது மீன் வருது.”

ஆகவே, ஐயா, என் அறிக்கை இதுதான். பத்துப் பேருக்குப் பதிலாக முந்நூறு பேருக்குக் காட்டியாயிற்று. என் இருள் உலகத்தைப் பார்த்து ஒருவரும் பயப்படவில்லை. என் பொன்னுலகத்தைப் பார்த்து எல்லாரும் பயந்தார்கள். எது எந்த உலகம் என்று எனக்கே இப்போது குழப்பமாக இருக்கிறது. இப்படிப்பட்டவள் எதிர்காலத்தைப் பற்றி எழுதுவது தகாது. கதையைத் திருப்பி அனுப்பிவிடுங்கள். தபால் தலை ஒட்டி முகவரி எழுதிய உறை உள்ளே இருக்கிறது. விண்ணப்பங்களை என்ன செய்வது என்று தெரியாததால் அவற்றையும் இத்துடன் வைத்திருக்கிறேன். உங்களுக்குத்தானே எழுதியிருக்கிறார்கள்.

வீட்டில் பெரியவர்களுக்கு என் வணக்கம், பேரனுக்கு ஆசி. உங்கள் முழங்காலுக்குக் கடுகெண்ணெயில் பூண்டு காய்ச்சித் தேய்க்கச் சொன்னாள் தரு மாசி. அம்மாள் அருளால் உங்கள் இதழ் நூறாண்டு வாழட்டும்.

பணிவன்புடன்,
கபரி சாந்த்ரா

பின்குறிப்பு: ஐயா, மேலே எழுதியதை எல்லாம் தயவுசெய்து மறந்துவிடுங்கள். கடிதத்தை ஒட்டப்போன நேரத்தில் சங்கத்தில் கூப்பிட்டார்கள். நான் எழுதிய ஏழாம் எண் நகரம் பொன்னுலகமா, இருள் உலகமா என்று போல்ட்டு காக்கு வாக்கெடுப்பு வைத்துவிட்டார். உங்களுக்கு அறிவிப்பதற்காகவாம். பொன்னுலகம் அறுபத்தொன்று. இருள் உலகம் ஒன்று. அந்த ஒன்று என்னுடையது அல்ல. வெட்கத்தில் நான் வாக்கே போடவில்லை. யார் அந்தத் துரோகி என்று போல்ட்டு காக்கு கேட்டதும் கடைசியில் நின்ற அப்பா கையைத் தூக்கினார்.

“என்ன நிமாய்தா, சொந்தப் பொண்ணு கதைக்கே எதிரா போட்டுட்டீங்க! தினமும் மீனு போடுற ஊருல அப்படி என்ன இருட்டைக் கண்டீங்க?”

“மீனெல்லாம் சரிதான்யா,” என்றார் அப்பா. “நீ சங்கு ஊதுனதும் ஓடினேன். கேட் மூடியிருந்துச்சு. எனக்குக் கை காலெல்லாம் நடுங்கிடுச்சு. எனக்கு அது பொன்னுலகம் இல்லை.”

நான் ஓடிவந்து அரிசி டின்னுக்குப் பின்னால் உட்கார்ந்துகொண்டேன். இரண்டு மணி நேரத்தில் முடிவை மாற்றி எழுதிவிட்டேன். அனிர்பன் இப்போது எங்கும் ஓடவில்லை. வெள்ளை வீடுகளை எடுத்துவிட்டேன். அந்த நகரத்தில் எல்லாம் அப்படியே இருக்கிறது, மீன், விளக்கு, வண்டி. நூறு ஆண்டுகளுக்குப் பிறகு ஒரு நாள் காலை ஐந்து மணிக்குச் சங்கு ஊதவில்லை. பழக்கத்தில் எழுந்த ஜனங்கள் டப்பாவோடு கேட்டுக்குப் போகிறார்கள். மூடியிருக்கிறது. ஏன் என்று கேட்க இயந்திரத்தைக் கூப்பிடுகிறார்கள். அது பதில் சொல்லவில்லை. அவர்கள் காத்திருக்கிறார்கள். அங்கே கதை முடிகிறது.

உங்கள் விதிப்படி பத்துப் பேருக்கு வாசித்தேன். தரு மாசி மீன் கூடையை மறந்துவிட்டுத் தெருவில் பாதி தூரம் போய்விட்டாள். ஃபணி ஜேட்டு, “பூஜை மாசத்துல இப்படியா எழுதுறது, தொறந்து விடுடி அந்தக் கேட்டை!” என்று என்மேல் பாய்ந்தார். போல்ட்டு காக்கு இன்னும் என்னோடு பேசவில்லை, ஊரில் அவர் பேசாத முதல் நாள் இது என்கிறார்கள். கேட்டைத் திறந்துவிடச் சொல்லி அவர் உங்களுக்குத் தனியே ஒரு மனு எழுதிக் கையெழுத்து வாங்கிக்கொண்டிருக்கிறார். அது வந்தால் பிரிக்காதீர்கள், ஐயா. பதினோரு பக்கம் இணைத்திருக்கிறேன். ஒரு எழுத்தையும் மாற்றாமல் போடுங்கள். தபால் தலை ஒட்டிய உறையை எனக்கே திருப்பி அனுப்பிவிடுங்கள், அடுத்த கதைக்கு ஆகும்.

அப்பா மட்டும் முழுதும் கேட்டுவிட்டு, எத்தனை பிரதி தருவார்கள் என்று கேட்டார். கதை எழுதினவருக்கு ஒன்று என்றேன். “ஒண்ணு எப்படிப் போதும்? கேட் வாசல்ல நாப்பது பேரு உட்கார்ந்திருக்கோம்ல,” என்றார்.